கிராப்புல இருந்து சடை வரைக்கும்: திருநங்கை தங்கச்சிங்களுக்கு ஒரு முடி கைடு

தலைமுடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், மிஞ்சிப்போனா ஒண்ணேகால். வருஷத்துக்கு அரை அடின்னு வச்சுக்கோ. இத வேகமாக்குற எண்ணெயோ மாத்திரையோ ஷாம்புவோ எந்தக் கடைலயும் கெடையாது, விளம்பரத்துல யாரு முடிய ஆட்டிக் காட்டினாலும் சரி. ஒட்ட வெட்டுன கிராப்புல இருந்து தாடை வரைக்கும் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், தோள தொட ரெண்டு வருஷத்துக்கு மேல, பின்னல் போட்டா ப்ளவுஸ் கொக்கிக்கு கீழ தொங்கணும்னா மூணு நாலு வருஷம். அதனால ஹார்மோன் ஆரம்பிக்கலயா, வீட்ல சொல்லலயா, இன்னும் பேண்ட் சட்டைல தான் வேலைக்கு போறியா, எதுவா இருந்தாலும் இருந்துட்டு போகட்டும், முடி வெட்டுறத மட்டும் இன்னைக்கே நிப்பாட்டு. துணிய ஒரே நாள்ல மாத்திரலாம், பேர கெஜட்ல மாத்திரலாம், முடி அது இஷ்டத்துக்கு தான் வரும்.

முடி தானா வளரும், அடுத்தவங்க கத்திரி அது பக்கம் வராம பாத்துக்குறது தான் உன் வேலை. "என்னடா இது பரட்டத்தலை"ன்னு வீட்ல ஆரம்பிச்சுட்டாங்கன்னா நம்ம ஊர்ல செல்லுபடியாகுற ஒரே பதில் வேண்டுதல். பழனிக்கோ திருப்பதிக்கோ சமயபுரத்துக்கோ முடி எடுக்குறதா நேந்துருக்கேன்னு சொல்லு, அப்பா கூட வாய தொறக்க மாட்டாரு. ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, அம்மா நெஜமாவே ட்ரெயின் டிக்கெட் போட்டுருவாங்க. அதனால தேதி வச்சு சொல்லாத, "நல்ல வேலை கெடைக்கணும்", "அக்காவுக்கு வரன் அமையணும்"னு இழுத்தடிக்கிற மாதிரி எதையாவது சொல்லு. சாமிகிட்ட பொய் சொல்லிட்டமேன்னு உறுத்துச்சுன்னா பொம்பளைங்க குடுக்குற மாதிரி நுனில கொஞ்சம் பூ முடி குடுத்துட்டு வந்துரு, கணக்கு தீந்துச்சு, அதுவும் பொம்பளைங்க கணக்குலயே தீந்துச்சு. அப்புறம் கேக்க கஷ்டமா இருந்தாலும் இன்னொண்ணு சொல்லிடுறேன். மூத்த புள்ளையா இருந்தா அப்பா காரியத்துக்கு மொட்டை போட சொல்லுவாங்க. தம்பியோ பங்காளி வீட்டு பையனோ கொள்ளி வைக்கிறதுன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கோ, சாவு வீட்ல நின்னு சித்தப்பாகிட்ட வாக்குவாதம் பண்ண அன்னைக்கு உனக்கு தெம்பு இருக்காது.

நீளத்த பத்தி கவலைப்படுறதுக்கு முன்னாடி முன்னந்தலைய கண்ணாடில பாரு. ரெண்டு பக்கமும் நெத்தி மேல ஏறுதா, உச்சில வகிடு அகலமாகுதா, அப்பா தாத்தாவுக்கு வழுக்கையா? அப்படின்னா உடம்புல இருக்குற டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோன் டி.ஹெச்.டிங்குற இன்னொரு ஹார்மோனா மாறி அங்க இருக்குற முடி வேரை கொஞ்சம் கொஞ்சமா சிறுசாக்கிட்டு இருக்கு. இதுக்கு தான் உண்மையிலயே அவசரம் காட்டணும், ஏன்னா சிறுசாகிட்டு இருக்குற வேரை காப்பாத்தலாம், பல வருஷமா வழவழன்னு ஆன எடத்துல பெருசா ஒண்ணும் திரும்பாது. ஈஸ்ட்ரோஜன்ங்குற பெண் ஹார்மோனும் ஆண் ஹார்மோன அடக்குற மாத்திரையும் சேந்து எடுத்தா பெரும்பாலும் கொட்டுறது நின்னுரும், மெலிஞ்சு கெடந்த முடி கொஞ்சம் தடிக்கும், சிலருக்கு நெத்தி ஓரத்துல பூனை முடி மாதிரி எட்டிப் பாக்கும். அவ்ளோ தான், நெத்தி ஒரு இஞ்ச் எறங்கி வரும்னு யாராவது சொன்னா நம்பாத. தாடியும் இதுல போகாது, அதுக்கு லேசர், இல்லன்னா ஊசில கரண்ட் விட்டு வேரை அழிக்கிற எலக்ட்ராலிசிஸ் தான்.

ஹார்மோன் இன்னும் ஆரம்பிக்க முடியாத நெலமைல இருந்தா தோல் டாக்டர பாரு, பினாஸ்டரைடு பத்தி கேளு, டி.ஹெச்.டி உருவாகுறத குறைக்கிற மாத்திரை. அத சாப்பிடுற வரைக்கும் ரத்த தானம் பண்ணக்கூடாது, நிப்பாட்டுன பிறகும் ஒரு மாசம் போகணும், வயித்துப் பிள்ளைக்காரி யாரும் அந்த மாத்திரை ஒடஞ்சிருந்தா தொடக்கூடாது. மண்டைல தடவுற மருந்து மினாக்ஸிடில், 5 சதவீதம் மெடிக்கல்ல கெடைக்கும், ஒரு மில்லி காலைல, ஒரு மில்லி ராத்திரி, காஞ்ச மண்டைல, முடில இல்ல தோல்ல படுற மாதிரி. ஆரம்பிச்ச சில வாரத்துல கூடுதலா கொட்டும், பழைய முடி எடத்த விட்டுட்டு புதுசுக்கு வழி விடுது, இந்த எடத்துல தான் பாதி பேர் பயந்துபோய் பாட்டில தூக்கி போட்டுர்றாங்க, நாலு மாசம் ஆறு மாசம் விடாம போட்டா தான் பலன் தெரியும், நிப்பாட்டுனா வந்தது திரும்ப போயிரும். வீட்ல பூனை வளக்குறியா? தடவுன கையோட அத தொடாத, தலகாணி உறைய நக்க விடாத, அதுக்கு மினாக்ஸிடில் விஷம், செத்தே போயிரும்.

மெடிக்கல்ல கருத்தடை மாத்திரைய அட்டை அட்டையா வாங்கி முழுங்குறது நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப நாளா இருக்குற பழக்கம். தயவுசெஞ்சு வேணாம். அதுல இருக்குற செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தத்த கட்டி தட்ட வைக்கும், கால்ல கட்டுன ரத்தம் நுரையீரலுக்கு போனா ஆளே போயிரும், சிகரெட்டும் பிடிச்சா இன்னும் மோசம். சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல நமக்குன்னு தனி கிளினிக் இருக்கு, அந்த மாதிரி எடத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணி எழுதி குடுக்குறத சாப்பிடு. ஆண் ஹார்மோன அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எழுதி குடுத்தாங்கன்னா அது உடம்புல பொட்டாசியத்த ஏத்தும்ங்குறத ஞாபகம் வச்சுக்கோ, வெயிலுக்கு தெனம் ரெண்டு இளநி குடிக்கிற ஆளா இருந்தா அத டாக்டர்கிட்ட சொல்லு, இளநில பொட்டாசியம் நெறைய. போற போக்குல ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்சிருக்குற இரும்புச்சத்து), தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பாத்துரு, பாதி முடிப் பிரச்சனை ரத்தசோகைலயும் தெனம் டீயும் பன்னும் தின்னு நாள ஓட்டுறதுலயும் தான் இருக்கு. முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, கருவாடு, எது கட்டுப்படியாகுதோ அத சாப்பிடு.

அடுத்து அந்த அசிங்கமான காலம். நாலாவது மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் முடி காதுக்கு மேல பொடைச்சுக்கிட்டு நிக்கும், பிடரில மட்டும் வாலு மாதிரி எறங்கும். இதுல வெறுத்துப்போய் வெட்டிட்டவங்க தான் ஜாஸ்தி. சலூனுக்கு போனா "மேலயும் சைடும் கை வைக்காதீங்க, பின்னாடி பிடரி லைன் மட்டும் ஏத்துங்க"ன்னு சொல்லு, உக்காரும்போதே சொல்லு, மிஷின எடுத்த பிறகு சொல்லி புண்ணியம் இல்ல. பிடரி மட்டும் ரெண்டு மூணு தடவ ஏத்திட்டு வந்தா மேல் முடி எட்டிப் பிடிச்சுரும், பாக்க பாப் கட் மாதிரி வந்துரும். கொஞ்சம் காசு இருந்தா யுனிசெக்ஸ் பார்லருக்கு மாறிடு, கூட்டம் இல்லாத வார நாள்ல மத்தியானம் போ, முன்னாடியே போன் பண்ணி "நான் திருநங்கை, லேடீஸ் கட் வேணும்"னு கேட்டு வச்சுக்கோ, போன்லயே கொரல் எப்படி மாறுதுன்னு வச்சு போலாமா வேணாமான்னு முடிவு பண்ணிரலாம்.

இந்த நீளத்துல கைல வச்சுக்க வேண்டியது ஸ்லைடு ஒரு அட்டை, துணி ஹேர் பேண்ட் ஒண்ணு. நடு வகிடு எடுக்காத, நெத்தி ரெண்டு ஓரமும் பளிச்சுன்னு தெரியும். புருவம் ஒசந்து வளையுற எடத்துக்கு நேரா சைடு வகிடு எடுத்து முன் முடிய சாய்வா கொண்டுபோய் எதிர் காதுக்கு மேல ஸ்லைடு குத்து, ஓரம் மறைஞ்சிரும். நெத்தில ஃப்ரிஞ்ச் வெட்டிக்கிறது படத்துல நல்லா இருக்கும், சென்னை மே மாசத்துல வேர்வைல நெத்தியோட ஒட்டிக்கிட்டு நிக்கும், ஊட்டி கொடைக்கானல்ல இருந்தா வெட்டிக்கோ. ஓரத்துல மண்டை தெரிஞ்சா கண் மைய எடுத்து தேய்க்காத, வழிஞ்சு வந்து காட்டிக்குடுத்துரும், கருப்பு ஐஷேடோவோ ஹேர் ஃபைபர் பவுடரோ சின்ன பிரஷ்ல ஒத்தி ஒத்தி வை. புருவம் த்ரெட்டிங் பண்ணிட்டா பாதி முகம் மாறிடும், முடி அஞ்சு இஞ்ச் தான் இருக்குங்குறது யாருக்கும் கண்ல படாது.

எண்ணெய் விஷயத்துக்கு வரேன். எண்ணெய் முடிய வளக்காது. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கருவேப்பிலை எதப் போட்டு காச்சினாலும் வளக்காது, சின்ன வெங்காய சாறு தேச்சா ஊரே மணக்கும், வேற ஒண்ணும் பெருசா எதிர்பாக்காத. ஆனா தேங்காண்ணெய் முடி தண்டுக்குள்ள எறங்கும், குளிக்கிறதுக்கு முன்னாடி தடவுனா அலசும்போது புரதம் வெளிய போறத குறைக்கும், அதனால நுனி ஒடையாது, ஒடையலன்னா நீளம் நிக்கும். வேர்ல கொட்டிக்காம நடுல இருந்து நுனி வரைக்கும் பூசு. நல்லெண்ணெய் குளியல் எனக்கு பிடிக்கும், மருத்துவ காரணம்லாம் இல்ல. ஆம்பளைக்கு புதன் சனி, பொம்பளைக்கு செவ்வாய் வெள்ளின்னு நம்ம வீடுகள்ல கணக்கு இருக்குல்ல, எங்கம்மா ரொம்ப நாள் என்கிட்ட சரியா பேசல, அப்புறம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி "நாளைக்கு வெள்ளி, தலைக்கு எண்ணெய் வச்சு குளிச்சிரு"ன்னு சாதாரணமா சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அதுல இருந்து வெள்ளிக்கிழமைய விடுறது இல்ல.

போர் தண்ணி உப்பா இருந்தா முடி வைக்கோல் மாதிரி ஆகும், கடைசி ரெண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்து. சீயக்காயும் அரப்பும் பிடிச்சா போடு, எண்ணெய எடுக்கும், ஆனா வறட்டும், தெனம் வேணாம். பொடுகு இருந்தா கீட்டோகோனசோல் ஷாம்பு வாரத்துக்கு ரெண்டு நாள், அஞ்சு நிமிஷம் ஊற விட்டு அலசு. கிராப் வச்சிருந்த பழக்கத்துல துண்ட வச்சு பரபரன்னு தேய்ப்ப, அத விடு, பழைய காட்டன் வேட்டில சுத்தி ஒத்தி எடு. சிக்கு எடுக்கும்போது நுனில இருந்து மேல வா, பெரிய பல்லு சீப்புல. ஹெல்மெட்டுக்குள்ள காட்டன் துணி கட்டிக்கோ. நாலஞ்சு பேரு ஒரே ரூம்ல தங்கியிருந்தா பேன் வரும், வந்தா எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போடணும், ஒருத்தி தப்பிச்சாலும் திரும்ப எல்லாருக்கும் ஏறிடும்.

இப்ப சவுரி. அஞ்சாறு இஞ்ச் முடி இருந்து பின்னாடி ஒரு குருவி வால் கட்ட முடிஞ்சா போதும், இடுப்பு வரைக்கும் சடை போட்டுரலாம். பேன்சி ஸ்டோர்ல தொங்குற நைலான் சவுரி வெயில்ல மினுக்கும், தூரத்துலயே தெரிஞ்சிரும். மயிலாப்பூர் மாட வீதி பக்கம் பரதநாட்டியத்துக்கு செட் விக்கிற கடைகள்ல கேட்டா நல்ல சவுரி எடுத்துப் போடுவாங்க, கடை லைட்ல பாக்காத, வாசலுக்கு வந்து வெளிச்சத்துல உன் முடி பக்கத்துல வச்சுப் பாரு, நம்ம முடி நாம நெனைக்கிற அளவுக்கு கருப்பு இல்ல. கட்டுறது எப்படின்னா, முடிய லேசா தண்ணி தொட்டு வாரி பிடரிக்கு மேல தாழ்வா ரப்பர் பேண்ட் போடு, உச்சில போட்டா கனத்துல எறங்கிடும். சவுரியோட தலைப்ப ரப்பர் பேண்டுக்கு அடில, கழுத்து பக்கமா வச்சு ரெண்டு கொண்டை ஊசி குறுக்கும் நெடுக்குமா குத்து. உன் முடிய மூணா பிரி, சவுரி மூணு கால்ல ஒவ்வொண்ண ஒவ்வொரு பிரியோட சேத்துப் பிடிச்சுக்கோ, முதல் மூணு பின்னல் மட்டும் நல்லா இறுக்கு, அதுக்கு அப்புறம் சாதாரணமா பின்னிட்டு போ. உன் முடி முடியுற எடத்துல குட்டி முடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு தடவி விடு. ஒட்டு தெரியுற எடத்துல தான் பூ. ஒரு மொழம் மல்லிய ரெண்டா மடிச்சு அந்த முதல் பின்னலுக்குள்ள நாரை நொழைச்சு ரெண்டு பக்கமும் ஸ்லைடு குத்து. முடி ரொம்ப மெல்லிசா இருந்தா கனகாம்பரம் வை, கனமே இருக்காது, வாசனை தான் இல்ல. வீட்டுக்கு வந்ததும் சவுரிய கழட்டிரு, அதோட தூங்காத. தெனமும் இழுத்துக் கட்டிக்கிட்டே இருந்தா நெத்திப்பொட்டு பக்கமும் பிடரிலயும் வேர் செத்துப்போய் அந்த எடம் வழுக்கையாவே நின்னுரும். கஷ்டப்பட்டு மாத்திரை சாப்பிட்டு காப்பாத்துனத ரப்பர் பேண்டுக்கு குடுக்காத.

முன்னாடி சுத்தமா இல்லன்னா விக் தான், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, சினிமால பாதி பேர் தலைல அது தான் இருக்கு. செயற்கை விக்க அடுப்பு பக்கம் கொண்டுபோகாத, பொசுங்கிரும். உள்ள காட்டன் கேப் போடு, ராத்திரி கழட்டி மண்டைக்கு காத்து காட்டு. முடி ட்ரான்ஸ்பிளாண்ட் பண்ற ஐடியா இருந்தா ஹார்மோன் ஆரம்பிச்சு ஒரு வருஷமாவது போகட்டும், எது தானா வருது எது வரலன்னு தெரிஞ்ச பிறகு நடு. பொம்பளை நெத்தி ஓரத்துல உருண்டு வரணும், ஆம்பளைக்கு வரையுற அதே எம் ஷேப்ப வரைஞ்சா சம்மதிக்காத, மார்க்கர்ல வரைஞ்சதும் கண்ணாடி கேட்டுப் பாரு. மலிவா கெடைக்குதுன்னு சலூன் மாதிரி எடத்துல படுத்துராத, 2016ல சென்னைல அப்படி ஒரு எடத்துல ட்ரான்ஸ்பிளாண்ட் பண்ணிக்கிட்ட மெடிக்கல் ஸ்டூடண்ட் ஒருத்தர் இறந்தே போயிருக்காரு. டாக்டர் யாரு, மயக்க மருந்து குடுக்குறது யாருன்னு கேளு.

பால் மாற்று ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். நாப்பது நாள் முடியுற வரைக்கும் கண்ணாடி பாக்கக்கூடாது, தலை சீவக்கூடாதுன்னு சில திருநங்கை வீடுகள்ல இன்னும் பாக்குறாங்க. உன் குருவீட்ல, அதாவது உன்ன ஏத்துக்கிட்ட மூத்த திருநங்கை வீட்ல, அப்படின்னா ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முந்தின நாளே எண்ணெய் தடவி தளர்வா ரெட்டை சடை போட்டு நுனில துணி ரிப்பன் கட்டிட்டு போ, இல்லன்னா படுக்கைலயே கெடந்து சடை பிடிச்சு கடைசில கத்திரி தான் வைக்கணும். சீவலாம்னு சொல்ற வீடா இருந்தாலும் இதையே பண்ணு, மல்லாக்க படுத்துக்கிட்டு சிக்கு எடுக்க முடியாது. நாப்பது நாள் முடிஞ்சு பால் ஊத்துற சடங்குல பாத்தவங்க எல்லாம் "முடி என்ன அழகா இருக்கு"ன்னு சொல்லியிருப்பாங்க, ஆனா ஆபரேஷன் ஆன ரெண்டு மூணு மாசத்துல கொத்து கொத்தா கொட்ட ஆரம்பிக்கும். பெரிய ஆபரேஷன், டெங்கு, டைபாய்டு எதுக்கு அப்புறமும் யாருக்கும் இப்படி கொட்டும், கண்ணு பட்டதும் இல்ல, ஹார்மோன் கெட்டதும் இல்ல. வேர் சாகல, ஓய்வுக்கு போயிருக்கு, ஆறு மாசம் போல ஆனா திரும்பி வந்துரும். அந்த சமயத்துல மட்டும் சவுரி, இறுக்கமான கொண்டை, ஸ்ட்ரெயிட்னிங், கலரிங் எதுவும் வேணாம், தளர்வா ஒரு கிளிப் போட்டுக்கிட்டு தெனம் ரெண்டு முட்டை சாப்பிடு. ஆறு மாசம் தாண்டியும் நிக்கலன்னா ஃபெரிட்டினும் தைராய்டும் திரும்ப ஒரு தடவ பாத்துரு.