ஃபுளோரிடாவின் ஊற்றுகளுக்கு அருகே முகாம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வடக்கு, நடு ஃபுளோரிடாவின் தரைக்கடியில் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கிறது. பெய்யும் மழை மணல் வழியாக இறங்கி, அந்தப் பாறையின் விரிசல்களையும் குகைகளையும் நிரப்பி, ஃபுளோரிடன் நீர்த்தாங்கி எனப்படும் மாபெரும் நிலத்தடி நீர்நிலையாகத் தேங்குகிறது. பாறை திறந்திருக்கும் இடங்களில் அந்த நீர் அழுத்தத்தோடு மேலெழுந்து ஊற்றாகிறது; அத்தகைய ஊற்றுகள் இம்மாநிலத்தில் ஆயிரத்துக்கும் அதிகம். நிலத்தடியிலிருந்து வருவதால் அந்த நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே இருக்கிறது. கூடாரம், அடுப்பு, படுக்கை ஆகியவற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த நீரின் இயல்பைப் புரிந்துகொள்பவருக்கு, எப்போது போவது, எங்கே தங்குவது, எதை எடுத்துச் செல்வது என்னும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீர் மாறுவதில்லை என்றாலும் காற்று மாறுகிறது. கோடையில் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தாண்டும், பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது அன்றாட நிகழ்வு, இரவிலும் புழுக்கம் குறையாது, கொசுக்களும் மிகுதி. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. ஜனவரியில் சில இரவுகளில் உறைபனியும் உண்டு. நாள் முழுவதும் நீரில் கிடக்கக் கோடை நல்லது, கூடாரத்தில் தூங்க அது கொடியது என்பதால், முதன்முறை செல்பவர்கள் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலோ, மார்ச், ஏப்ரல் மாதங்களிலோ செல்வதே நலம் என்பது என் கருத்து. 22 டிகிரி நீர் இறங்கும்போது சில்லென்று இருக்கும். ஈர உடையோடு காற்றில் நிற்கும் குழந்தைகள் விரைவில் நடுங்கத் தொடங்குவார்கள். ஆகவே எந்த மாதமானாலும் உலர்ந்த மாற்றுடையும் தடித்த துண்டும் கரையிலேயே தயாராக இருக்கட்டும்.

மனாட்டி என்னும் கடற்பசுக்களைப் பார்க்க விரும்புவோருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. ஆற்று நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றால் தாங்க முடியாது. எனவே குளிர்காலத்தில் அவை ஊற்றுகளுக்குள் கூட்டமாக ஒதுங்குகின்றன. ஆரஞ்சு சிட்டி ஊரிலுள்ள புளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை ஊற்றுக்கால்வாயில் நீந்தவோ படகு செலுத்தவோ அனுமதியில்லை. கரையிலிருந்து பார்ப்பதோடு சரி.

படி 2: எந்த ஆற்றின் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாகத் திட்டமிடுவோர் பெரும்பாலும் தவறவிடும் செய்தி இதுதான்: ஊற்றின் தெளிவு அதன் அருகே ஓடும் ஆற்றைப் பொறுத்தது. சுவானி ஆறு ஜார்ஜியா மாநிலத்தின் ஓக்கிஃபினோக்கி சதுப்புநிலத்தில் பிறந்து மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. அழுகிய இலைகளிலிருந்து கசியும் டானின் அதன் நீருக்குக் கடுந்தேநீரின் நிறத்தைத் தருகிறது. ஆற்றின் மட்டம் உயர்ந்தால் அந்தக் கருநீர் ஊற்றுக்குள் பின்னோக்கி ஏறிவிடும். வெள்ளம் பெருகினால் சில ஊற்றுகள் வெளியே பாய்வதற்குப் பதிலாக ஆற்று நீரை உள்வாங்கவும் செய்கின்றன. அப்போது நீச்சலுக்கு அனுமதி நிறுத்தப்படும். சுவானியிலும் அதன் கிளையாறான சாண்டா ஃபேயிலும் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலிலும் இந்த வாய்ப்பு அதிகம். ஆகவே இளவேனில் பயணத்துக்கு, இந்த ஆறுகளிலிருந்து விலகி நடு ஃபுளோரிடாவில் இருக்கும் ஒக்காலா தேசிய வனத்தையும், இலையுதிர்காலப் பயணத்துக்குச் சுவானி, சாண்டா ஃபே பகுதியையும் முதலில் பரிசீலிக்கலாம்.

ஒக்காலா 1908 இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அலெக்சாண்டர், ஜூனிப்பர், சால்ட் ஆகிய மூன்று ஊற்றுகளிலும் முகாமிடங்கள் உள்ளன. நான்காவதான சில்வர் கிளென் ஊற்று பகலில் மட்டுமே செல்லக்கூடிய இடம். குழந்தைகளோடு செல்பவர்கள் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் மணற்கரை மெல்லச் சரிந்து ஆழமாவதால் சிறுவர்கள் அஞ்சாமல் இறங்குவார்கள். ஜூனிப்பர் ஊற்றிலிருந்து புறப்படும் சுமார் 7 மைல் நீளமுள்ள ஓடை மிக அழகானது என்றாலும், குறுகியும் வளைந்தும் தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலும் செல்வதால், துடுப்புப் பிடித்துப் பழகாதவர்கள் அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சாண்டா ஃபே பக்கம் செல்பவர்களுக்கு, 2017 இல் மாநிலப் பூங்காவான கில்கிரிஸ்ட் புளூ ஊற்றுகளும், சாண்டா ஃபே ஆறு நிலத்துக்குள் மறைந்து சுமார் 3 மைல் தள்ளி மீண்டும் வெளிப்படும் இடத்தையொட்டிய ஓலீனோ பூங்காவும் முகாமிட ஏற்றவை. இச்சிடக்னி ஊற்றுப் பூங்காவில் இரவு தங்க வசதியில்லை. ஓலீனோவில் தங்கிக்கொண்டு இச்சிடக்னியில் பகலில் டியூபில் மிதந்து வரலாம். சுவானி ஆற்றங்கரையில் வலையடித்த தங்கு மேடைகள் கொண்ட ஆற்று முகாம்களும் உண்டு. ஆனால் அவை பல நாள் படகுப் பயணம் செய்வோருக்காக அமைந்தவை.

ஒரே பயணத்தில் எல்லா ஊற்றுகளையும் பார்த்துவிடத் துடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓரிடத்தில் இரண்டு இரவுகள் தங்குங்கள். ஒவ்வொரு நாளும் கூடாரத்தைப் பிரித்து மீண்டும் கட்டுவதிலேயே விடுமுறை கரைந்துவிடும்.

படி 3: முன்பதிவு செய்யுங்கள்

ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களில் 2024 ஜனவரி முதல் அம்மாநிலத்தவர் 11 மாதங்களுக்கு முன்பும், பிறர் 10 மாதங்களுக்கு முன்பும் முகாமிடத்தைப் பதிவு செய்யலாம். தேசிய வனத்தின் முகாமிடங்களை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும். ஞாயிறு முதல் செவ்வாய் வரை என மாற்றிக்கொள்ள முடிந்தால் இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். முகாமிடப் பதிவு வேறு, வேறொரு பூங்காவுக்குப் பகலில் செல்வது வேறு. வெப்பமான சனிக்கிழமைகளில் ஊற்றுப் பூங்காக்கள் நிரம்பியவுடன் வாயிலை மூடிவிடுவதால், காலை 8 மணிக்குத் திறக்கும்போதே போய்ச் சேருவது பாதுகாப்பு.

படி 4: பொருள்களைத் திரட்டுங்கள்

அடிப்படைப் பட்டியல் எல்லா முகாமுக்கும் பொதுவானது. இங்கே தனித்தன்மையானவற்றை மட்டும் சொல்கிறேன். ஒக்காலாவின் நிலம் ஆழ்ந்த மணல். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் அதில் நிற்காது. மணலுக்கென்று விற்கும் நீண்ட, அகன்ற முளைகளை வாங்குங்கள். கூடாரத்தின் சுவர்களில் வலை நிறைய இருக்க வேண்டும். அதே சமயம் மழைத்திரை தரைவரை இறங்க வேண்டும். தோலில் பூசும் வெயில் களிம்பு நீரில் கரைந்து ஊற்றைக் கெடுக்கும் என்பதால், முழுக்கை நீச்சல் சட்டை மேலானது.

இச்சிடக்னி ஆற்றிலும் ஜூனிப்பர் ஓடையிலும் தூக்கியெறியும் உணவு, பானப் பொதிகளுக்குத் தடை உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, சிப்ஸ் பாக்கெட் எதுவும் படகில் ஏறக்கூடாது. எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போகும் நம் பழக்கம் இங்கே விதிகளோடு கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. விறகை வெளியூரிலிருந்து கொண்டு செல்லாதீர்கள். மரங்களைக் கொல்லும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அதோடு பயணம் செய்யும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

படி 5: கூடாரம் அமைத்தலும் உணவு காத்தலும்

வெளிச்சம் இருக்கும்போதே சென்றடையுங்கள். முதலில் மேலே பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். பிறகு கீழே பாருங்கள்: நெருப்பெறும்புகளின் புற்று சிறிய மண்மேடுபோல் தோன்றும், அதன் மேல் விரிப்பைப் போட்டால் இரவு நரகம். ஒக்காலா, ஃபுளோரிடாவில் கருங்கரடிகள் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்று. உணவு, பற்பசை, சோப்பு, குப்பை என வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல், பூட்டிய காரிலோ கரடி திறக்க முடியாத பெட்டியிலோ வையுங்கள்.

இரவில் தொலைவில் வெடியோசை கேட்டால் பதற வேண்டாம். அந்த வனத்துக்குள் அமெரிக்கக் கடற்படையின் பைன்காசில் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் இருக்கிறது. உண்மையான இடியானால் நடந்துகொள்ளும் முறை வேறு: உடனே நீரை விட்டு வெளியேறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ சென்று, கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருங்கள். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது.

படி 6: நீரில் இறங்கும்போது

ஃபுளோரிடாவின் எந்த நன்னீரிலும் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறிக்கப்பட்ட நீச்சல் பகுதியில், பகல் வெளிச்சத்தில் மட்டும் நீந்துங்கள். நாயைக் கரையோரம் விடாதீர்கள். அலிகேட்டருக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். ஊற்றின் வாயில் தெரியும் குகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குகை முக்குளிப்பில் முறையான பயிற்சி பெறாதவர் உள்ளே நுழையக்கூடாது; திறமையான முக்குளிப்பாளர்களே உள்ளே வழிதவறி இறந்திருக்கிறார்கள். நீர்த்தாவரங்களை மிதிக்காமல், மணற்பாங்கான இடத்தில் மட்டும் காலூன்றுங்கள். ஏற்கெனவே உரங்களிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் வரும் நைட்ரேட் இந்த ஊற்றுகளில் பாசியைப் பெருக்கியிருக்கிறது.

கோடையில் வெதுவெதுப்பான ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் மூக்கினுள் நீர் ஏறுவதைத் தவிருங்கள். நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபாவின் தொற்று மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. பளிங்குபோல் தெரிகிறது என்பதற்காக ஊற்று நீரைக் குடிக்கவும் வேண்டாம். முகாமிடத்தின் குடிநீர்க் குழாய் போதும்.

படி 7: புறப்படுவதற்கு முந்தைய வாரம்

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையதளத்தில் அருகிலுள்ள ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் பூங்காவைத் தொலைபேசியில் அழைத்து, ஊற்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். வறட்சிக் காலமானால் தீமூட்டத் தடை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தடை இருந்தால் சமையல் திட்டம் எரிவாயு அடுப்புக்கு மாற வேண்டும். மாநிலப் பூங்காக்களின் வாயில் சூரியன் மறைந்ததும் மூடப்படும். அதற்குப் பிறகு வந்து சேரும் நிலை ஏற்படலாம் என்று தோன்றினால், வாயிலைத் திறக்கும் எண்ணை அதே அழைப்பில் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுச் சாலைகளில் பல இடங்களில் கைப்பேசி இணைப்பு கிடைக்காது.