பெயின்ட்போல்: கொழும்பின் வெக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயம் நிரப்பிய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயின்ட்போலுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் மார்க்கரை, அதாவது உருண்டையை எய்யும் துப்பாக்கியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். முகக்கவசத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1981இல் அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் காட்டில் 12 பேர் இந்த விளையாட்டை முதன்முதலாக ஆடியபோது அவர்கள் கையில் இருந்தது, மரங்களுக்கும் மாடுகளுக்கும் சாயத்தால் அடையாளமிடும் கருவிதான். இன்றும் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் விட்டமும் 3 கிராம் எடையும் உள்ள உருண்டையை, வழக்கமான உச்ச எல்லையான விநாடிக்கு 300 அடி வேகம் வரை மார்க்கரால் எய்ய முடியும். அது தோலில் பட்டால் கன்றிப்போவதோடு முடிந்துவிடும்; கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம்.

ஆகவே வேலைத்தளக் கண்ணாடியையோ மோட்டார் சைக்கிள் கண்ணாடியையோ மாட்டிக்கொண்டு களத்தில் இறங்குவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. பெயின்ட்போலுக்கென்றே செய்யப்பட்ட, கண்களோடு முகத்தையும் காதுகளையும் மறைக்கும் கவசமே வேண்டும். வாடகைக்குத் தரப்படும் கவசத்தை வெளிச்சத்தில் பிடித்து, வில்லையில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தயங்காமல் மாற்றித் தரும்படி கேளுங்கள். வில்லையைக் கண்ணாடி துடைக்கும் இரசாயனத் திரவத்தால் துடைத்தால் அது பலவீனமடையக்கூடும் என்பதால், தண்ணீரும் மென்மையான துணியுமே போதும்.

கொழும்பில் இந்தக் கவசத்துக்கு உண்மையான சோதனை ஈரப்பதம்தான். ஓடிக் களைத்து ஒரு பீப்பாயின் பின்னால் குந்தியிருக்கும்போது, புருவத்து வியர்வை கவசத்தின் பஞ்சில் ஊறி, மூச்சின் ஆவி வில்லையின் அடியோரத்திலிருந்து வெண்மையாகப் படர்ந்து மேலேறும். அந்த நொடியில் கட்டைவிரல் தானாகவே தாடையடிக்குப் போய்க் கவசத்தைத் தூக்கும். கண் காயங்கள் நேர்வது இப்படியான தருணங்களில்தான். கவசத்தை அணிந்தபடியே கையை உயர்த்தி நடுவரை அழைத்து, களத்துக்கு வெளியே உள்ள பாதுகாப்பான இடத்துக்குச் சென்ற பின்னரே அதைக் கழற்ற வேண்டும். எளிதில் ஆவி படியாத, இரட்டை வில்லை கொண்ட கவசம் கிடைக்குமானால் சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்தாவது அதையே எடுங்கள். இந்த ஊரில் அது ஆடம்பரமல்ல.

மார்க்கரை இயக்கும் வாயுச் சிலிண்டரையும் வெக்கை விட்டுவைப்பதில்லை. கார்பன் டைஒக்சைட்டு நிரப்பிய சிலிண்டரின் அழுத்தம் வெப்பத்தோடு விரைவாக ஏறும். 31 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த வாயு திரவமாக இருக்கவே முடியாது. பூட்டிய காருக்குள் நண்பகலில் அந்த வெப்பநிலை எளிதில் வந்துவிடும் என்பதால், சிலிண்டரை அங்கே விட்டுச் செல்லக் கூடாது. காலையில் ஒருமுறை உருண்டையின் வேகத்தை அளந்துவிட்டோம் என்று நிம்மதியடைவதும் தவறே. காலையில் எல்லைக்குள் இருந்த மார்க்கர் மதிய வெயிலில் அதை மீறக்கூடும். அழுத்தத்தைச் சீராக்கும் கருவியோடு வரும் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் இந்த விடயத்தில் கூடுதல் நம்பிக்கைக்குரியது.

உருண்டையின் ஓடு ஜெலட்டினால் ஆனது. திறந்து வைத்த பையில் அது ஈரத்தை உறிஞ்சி வீங்கி, மார்க்கரின் குழாய்க்குள் சிக்கி உடைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் படிவதால் அதுவும் உதவாது. தரையில் விழுந்தவற்றைப் பொறுக்கிச் சுட வேண்டாம். ஒட்டியிருக்கும் மணல் குழாயைக் கெடுக்கும்.

உடையில், தளர்வான நீளக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும், வழுக்காத அடியுள்ள சப்பாத்தும் போதுமானவை. இராணுவச் சீருடையை ஒத்த துணிகளை இங்கே தவிர்த்துவிடுவதே நல்லது. சொந்தமாக மார்க்கர் வைத்திருப்பவர்கள் அதைக் கையில் ஏந்தி வீதியில் நடக்கவோ பேருந்தில் ஏறவோ கூடாது. சிலிண்டரைக் கழற்றி, குழாயின் வாயை உறையால் மூடி, பைக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும்.