வெள்ளித் தண்ணீர் குடிக்கும் முன்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பக்கத்திலுள்ள டோங்காட் குடிநீர் நிலையம் சிதைந்து, அந்தப் பக்கத்துக் குழாய்களில் பல மாதம் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் கிளம்பும். டர்பன் தமிழர் வீடுகளில் அந்த வரிசையில் ‘கொலாய்டல் சில்வர்’ பாட்டிலும் உண்டு: வெள்ளியின் மிக நுண்ணிய (நானோ) துகள்கள் மிதக்கும் தண்ணீர்.

“பாட்டி வெள்ளிக் கிண்ணத்தில் பால் கொடுத்தாளே, இது மட்டும் என்ன செய்துவிடும்?” என்று கேட்பதுதான் முதல் தவறு. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளி உலோகத்திலிருந்து கழன்று வரும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய வெள்ளி அணு. ஆக்சிஜன் பட்டு மேற்பரப்பு அரிக்கும்போதுதான் அது கழலும். 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆக்சிஜன் இல்லாத அறையில் சோதித்தபோது, வெள்ளி நானோ துகள்களால் ஈ.கோலை பாக்டீரியாவை ஒன்றும் செய்ய முடியவில்லை. கிண்ணத்தின் மேற்பரப்பு உள்ளங்கை அளவு, அதிலிருந்து கழலும் அயனியும் சொற்பம். ஒரு கிராம் வெள்ளியை 10 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு ஏறக்குறைய 57 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. எடை ஒன்றுதான், வெளிவரும் அயனியின் கணக்கே வேறு.

‘கிருமியை மட்டும் தேடிக் கொல்லும்’ என்ற விளம்பரப் பேச்சையும் நம்ப வேண்டாம். வெள்ளி அயனி புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கந்தகம் நம் செல்லிலும் இருக்கிறது. துகளைச் செல் விழுங்கினால், உள்ளே இருக்கும் அமிலப் பையில் அது கரைந்து அங்கேயே அயனியை விடும். வெளியே எவ்வளவு அயனி இருந்தது என்று மட்டும் அளந்தால் இந்தப் பங்கு கணக்கில் வராது.

அப்புறம் அளவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாளொன்றுக்கு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். பாட்டிலில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) என்று போட்டிருந்தால் ஆறு டீஸ்பூனிலேயே அது முடிந்துவிடும். இரண்டு வெள்ளிக் கம்பியையும் பேட்டரியையும் வைத்து வீட்டிலேயே தயாரிப்பவர்களுக்கு எத்தனை பிபிஎம் என்பதே தெரியாது. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மிஞ்சிய வெள்ளி தோலில் படிந்து, வெயில் பட்டுக் கறுத்து, முகம் சாம்பல் நீலமாகும். ஆர்ஜீரியா என்பார்கள். தானாக மாறாது. நேட்டால் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தைராக்சின் மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடலில் சேர்வதையும் வெள்ளி தடுக்கும், ஆகவே ஏற்கெனவே குடித்துவருகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடையில் மருந்தாக விற்கும் கொலாய்டல் சில்வர் பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்பட்டதல்ல என்று 1999இலேயே சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டு வெள்ளி என்றாலே விஷம் என்று ஓடுவதும் தவறு. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்து முகொண்டேனியில் பெண் குயவர்கள் களிமண்ணில் மரத்தூள் கலந்து சுட்டு, நானோ வெள்ளி பூசிய வடிகட்டிகள் செய்திருக்கிறார்கள். சூளையில் தூள் எரிந்துபோன இடம் நுண்துளையாகும். அழுக்கைத் துளை நிறுத்தும், மிச்சக் கிருமியை வெள்ளி பார்த்துக்கொள்ளும். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒழுங்காகச் செய்த வடிகட்டி அதற்குள் நிற்கும். இந்த வகை வடிகட்டியை ஜிக் (குளோரின் ப்ளீச்) ஊற்றித் தேய்த்தால்தான் வம்பு: குளோரின் வெள்ளியைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். மென்மையான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும். புது வடிகட்டியில் முதல் சில முறை வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள், அதில்தான் வெள்ளி அதிகம்.

வெள்ளி ஆற்றைக் கெடுக்குமா என்ற விஷயத்தில் பொத்தாம்பொதுவாகப் பேசுவது இன்னொரு தவறு. நாற்றம் வராமல் இருக்க வெள்ளி சேர்த்த காலுறையைத் துவைத்தால் வெள்ளி கழிவுநீருக்குப் போவது உண்மைதான். ஆனால் சாக்கடையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அதில் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத வெள்ளி சல்பைடு ஆகிவிடும். தப்பி வருவது நன்னீரில்தான் கடுமை காட்டும்: மீனின் செவுளில் சோடியம் ஏறும் வழியை அடைக்கும். உம்கேனி ஆறு கடலைத் தொடும் ப்ளூ லகூனில் உப்பிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துவைப்பதால் அந்தக் கடுமை குறையும். ஓரிடத்து நீரில் எடுத்த அளவை அப்படியே இன்னொரு இடத்துக்குப் பொருத்தக் கூடாது.