குளிர்கால மழையில் சீசன் முடங்காமல் இருக்க: வேல்ஸ் நான்காம் நிலை கிளப்புகளுக்கு

வேல்ஸ் கால்பந்தின் உச்சியில் கம்ரி பிரீமியர். அடுத்து கம்ரி நார்த்தும் கம்ரி சவுத்தும். மூன்றாம் நிலையில் நான்கு ஆர்டல் லீக்குகள். ஆர்டல் என்றால் வெல்ஷ் மொழியில் வட்டாரம். அதற்கும் கீழே உள்ள உள்ளூர் லீக்குகளில் மைதானத்துக்குப் பெரும்பாலும் மின்விளக்கு கிடையாது, புல்லைப் பராமரிக்கச் சம்பள ஆளும் கிடையாது. அங்கே ஓர் அணி ஏப்ரலில் தெம்போடு இருக்குமா, வாரம் மூன்று ஆட்டம் ஆடித் துவண்டுபோகுமா என்பது ஜனவரியில் எத்தனை ஆட்டம் தள்ளிப்போனது என்பதைப் பொறுத்தது.

முதலில் அட்டவணை. 14 அணிகள் என்றால் ஆளுக்கு 26 லீக் ஆட்டம். அமெச்சூர் டிராபி, உள்ளூர்க் கோப்பைகள் தனி. டிசம்பர் கடைசியில் நான்கு மணிக்கே சூரியன் மறைகிறது. ஆட்டம் முடிய இடைவேளையோடு 1 மணி 50 நிமிடம் ஆகும், அதனால் 1.30-க்கே தொடங்குங்கள், 2 மணி என்றால் கடைசிப் பத்து நிமிடம் மங்கலில்தான். வார நாள் மாலை ஆட்டமும் ஏப்ரல் நடுவில்தான் சாத்தியம். அப்போது எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், 6.15-க்குத் தொடங்கலாம். ஆகஸ்டிலும் அதே அளவு வெளிச்சம் உண்டு. ஆகவே ஆகஸ்ட் மாதப் புதன்கிழமைகளை வீணாக்காதீர்கள். வீரர்கள் விடுமுறையில் போகிறார்கள் என்று அப்போது தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆட்டமும் குளிர்காலத்தில் வந்து நிற்கும்.

இனி மண். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலமுள்ள மைதானத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 6,000 லிட்டர் தண்ணீர். ஒரே இரவில் 20 மி.மீ. என்றால் 1,20,000 லிட்டர். இதைத் துடைப்பத்தால் தள்ளி முடியாது, கீழே இறங்க வழிவிட வேண்டும். பூட்ஸ் ஆணிகள் மிதித்து மிதித்து மேல்மண்ணை ஓடுபோல இறுக்கிவிடுவதால்தான் குளம் கட்டுகிறது. பல இடங்களில் கையளவு தோண்டினால் அடியில் மண் ஈரமில்லாமல் உதிரியாகவே இருக்கும்.

இதற்கு வேண்டிய கருவி நான்கு இரும்புப் பல் உள்ள தோட்டக் கவை. பற்களை 10 முதல் 15 செ.மீ. ஆழம் இறக்கி, கைப்பிடியைச் சற்றே பின்னால் சாய்த்து, நேராக உருவுங்கள். 10 செ.மீ. தள்ளி அடுத்த குத்து. எப்போதும் பின்னோக்கி நகருங்கள். முன்னோக்கிப் போனால் போட்ட துளையை நீங்களே மிதித்து அடைப்பீர்கள். மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக் கூடாது. சேற்றில் குத்தினால் துளையின் சுவர் குயவர் தடவிய பானைபோல வழவழப்பாகி, தண்ணீர் உள்ளே போகாது. எனவே இந்த வேலையை அக்டோபரிலேயே தொடங்கி, மாதம் ஒரு முறையாவது செய்யுங்கள். மைதானம் முழுவதும் முடியாவிட்டால் இரண்டு கோல் முகப்பும் நடுவட்டமும் போதும்.

அதிகம் கெடுப்பது உருளை. மேடுபள்ளத்தைச் சமன் செய்ய ஈரத்தரையில் கன உருளை ஓட்டினால் குத்திய துளையெல்லாம் ஒரே நாளில் மூடும். அடுத்தது மணல்: கட்டட மணலில் உள்ள நுண்துகள் களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும், கழுவிய நடுத்தர சிலிக்கா மணலைத் துளை போட்ட பிறகு மெல்லத் தூவித் துலக்குங்கள். புல்லை 30 மி.மீ.-க்குக் கீழே வெட்ட வேண்டாம். உறைபனி படிந்த காலையில் யாரையும் புல்மேல் நடக்க விடாதீர்கள். மிதிபட்ட இலை உடைந்து கறுத்துவிடும். ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பர் பயிற்சியைக் கோல் முகப்பிலிருந்து வெளியே மாற்றுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் மூட்டை மூட்டையாக மணல் போடுவதைவிட அதிகம் உதவும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளி மாலையும் சனி விடியலும் மைதானத்தைப் பாருங்கள். பந்தைத் தோள் உயரத்திலிருந்து ஆறேழு இடத்தில் போடுங்கள்: எழும்பாமல் ஒட்டிக்கொண்டால் சிக்கல். குதிகாலை அழுத்தும்போது பூட்ஸைச் சுற்றி நீர் ஊறினால் அந்த இடத்தைக் கவையால் குத்தி, நீர் இறங்கிய பிறகே மிச்சத்தைத் தள்ளுங்கள். நீரைத் தள்ளியபடியே இருந்தால் மண் கூழாகும். சந்தேகம் இருந்தால் உள்ளூர் நடுவரைக் காலையிலேயே வரவழையுங்கள். மத்திய வேல்ஸில் எதிரணி மலைச் சாலையில் ஒன்றரை மணி நேரம் வரக்கூடும், அவர்கள் பேருந்து ஏறுவதற்கு முன் முடிவு தெரிய வேண்டும். எதிரணியின் மைதானம் காய்ந்திருந்தால் உங்கள் இரு அணிகளும் மோதும் இரு லீக் ஆட்டங்களின் இடத்தையும் மாற்றிக்கொள்ள லீக் செயலாளரிடம் அன்றே கேளுங்கள்.

ஆட்டங்கள் குவிந்துவிட்டால் ஆபத்து காகிதத்தில். ஆள் பற்றாமல் கடைசி நிமிடத்தில் ஒருவரைக் களமிறக்குவார்கள்; கோமெட் என்னும் வீரர் பதிவேட்டில் அவருக்கு ஒப்புதல் வந்திருக்காது, அல்லது தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கும். வென்ற புள்ளிகள் பறிபோகும். பதிவுக் கெடு முடியும் முன்பே இரண்டாம் அணி வீரர்களையும் பதிந்து, மஞ்சள் அட்டைக் கணக்கை ஒவ்வொரு ஞாயிறும் எழுதி வையுங்கள்.

மே நடுவில் ஆட்டம் முடிந்தால் உடனே கோல் முகப்பைக் கிளறி, சதுர மீட்டருக்கு 35 கிராம் ரைகிராஸ் புல் விதை போடுங்கள். அது வேரூன்ற எட்டிலிருந்து பத்து வாரம் வேண்டும். ஆட்டம் மே கடைசிவரை இழுத்தால் அந்த வாரங்கள் சுருங்கி, ஆகஸ்டில் இளம்புல்மேல் ஆணி இறங்கும். அதே முகப்பு நவம்பரிலேயே சேறாகும்.