இழுபறி அதிபர் தேர்தலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 5 அன்று மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம் தர்மசாஸ்தா கோயிலில் சிறப்புப் பூஜை நடந்தது. அன்றைக்கு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர் அது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த வாரம் திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் பலரும் "கமலாதான், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொன்னார்கள். எதிர்த்து நின்ற டொனால்டு டிரம்ப் 312-க்கு 226 என்று ஜெயித்ததும், அவர்களில் சிலர் "கணிப்பு எல்லாம் பொய், ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு" என்று பேச ஆரம்பித்தார்கள். இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். கணிப்பைத் தப்பாகப் படித்தவர், முடிவு வேறாக வந்ததும் ஓட்டு எண்ணிக்கையையே சந்தேகப்படுகிறார்.

உண்மையில் அந்தத் தேர்தலில் கருத்துக்கணிப்புகளை வைத்துக் கணக்குப் போட்ட பெரிய கணிப்பாளர்கள் கமலா ஜெயிப்பார் என்று உறுதி கொடுக்கவில்லை. கடைசி நாளில்கூட முக்கியமான கணிப்புகள் இருவருக்கும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புதான் தந்தன. அதை நாம் நம் ஆசைக்கு ஏற்றபடி படித்துக்கொண்டோம்.

முதல் தவறு, நாட்டு மொத்த ஓட்டை வைத்து வெற்றியைச் சொல்வது. அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பது எலக்டோரல் காலேஜ் என்ற தேர்வாளர் குழு. மாகாணவாரியாக மொத்தம் 538 தேர்வாளர்கள், ஜெயிக்க 270 பேர் வேண்டும். மேலே சொன்ன 312-க்கு 226 இந்தக் கணக்குதான். இரண்டு மாகாணங்களைத் தவிர எல்லா இடத்திலும், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாகாணத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் டிரம்பிடம் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் அவர் இழந்த வித்தியாசத்தைக் கூட்டினால் 78,000-கூட வராது. 2000-ல் இன்னும் மோசம். புளோரிடாவில் கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டுகளில் 537 ஓட்டு வித்தியாசம் ஜார்ஜ் புஷ்ஷை அதிபர் ஆக்கியது.

அதனால் நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகனோ, கலிபோர்னியாவில் இருக்கும் மாப்பிள்ளையோ "இங்க எல்லாரும் கமலாவுக்குத்தான்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னது நிஜமாகவே இருந்தாலும் கணிப்புக்கு உதவாது. அந்த இரண்டு மாகாணங்களும் எந்தப் பக்கம் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கேட்க வேண்டிய இடம், எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா. இந்திய வம்சாவளியினர் எல்லாரும் கமலா பக்கம் என்று நினைத்ததும் தப்பு. அந்த வருடம் அவர்களிடம் எடுத்த கணிப்பில் 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் டிரம்ப் பக்கம் இருந்தார்கள்.

அடுத்தது, கருத்துக்கணிப்பில் ஒன்றிரண்டு சதவீத முன்னிலையைப் பார்த்து "ஜெயித்தாச்சு" என்பது. 1,000 பேரைக் கேட்ட கணிப்பில் பிழை வரம்பு சுமார் 3 சதவீதம் என்று போடுவார்கள். அது ஒரு வேட்பாளரின் ஓட்டுக்கு உரியது. இரண்டு பேருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 49-க்கு 47 என்று ஒரு கணிப்பு சொன்னால், அதை "இருவரில் யார் வேண்டுமானாலும்" என்று படிப்பதுதான் சரி. நம் பக்கத்திலேயே 2016 சட்டமன்றத் தேர்தலில், வீராணம் ஏரிக்கரை ஊரான காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் எந்தக் கணிப்புக்கும் அந்த 87 தெரிந்திருக்காது.

சரி, பிழை வரம்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் நிறைய கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் போதுமே? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குவியலின் மேலே வெயிலில் காய்ந்த நெல்லை மட்டும் அள்ளி மீட்டரில் போட்டால் ஒரு கணக்கு வரும், உள்ளே கையை விட்டு எடுத்தால் வேறு கணக்கு வரும். மேல் நெல்லையே இருபது தடவை அள்ளினாலும் அடி ஈரம் தெரியப்போவதில்லை. அதைவிட, மீட்டரே 2 புள்ளி குறைத்துக் காட்டினால், அன்றைக்கு அளந்த அத்தனை குவியலும் ஒரே பக்கமாகத் தப்பாகும். ஒரு குவியலில் கூட்டியும் இன்னொன்றில் குறைத்தும் காட்டிச் சமன் ஆகிவிடாது.

கருத்துக்கணிப்பில் நடப்பதும் இதுவே. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குத் தபால் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலை நம்பி முகவரி எடுத்ததும், பதில் போட மெனக்கெட்டவர்களை மட்டும் எண்ணியதும்தான் காரணம். 80 வருடம் கழித்து 2016-ல் அதே நோய் வேறு உருவில் வந்தது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கணிப்புக்காரர்களுக்கு அதிகமாகப் பதில் சொன்னார்கள், அவர்களில் ஹிலாரி ஆதரவாளர்கள் அதிகம். பல மாகாணக் கணிப்புகள் படிப்பைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யவில்லை. 2020-ல் அதைச் சரிசெய்தார்கள். அப்படியும் பிழை கூடியதே தவிரக் குறையவில்லை. நாடு முழுவதற்குமான கணிப்புகள் ஜோ பைடனின் முன்னிலையைச் சராசரியாக 4 புள்ளி அளவுக்கு மிகைப்படுத்தின. போனையே எடுக்காதவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை, எடுத்தவரை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு என்ன? எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசல் மாகாணங்கள், ஒவ்வொன்றிலும் சரிபாதி வாய்ப்பு என்றால், ஆளுக்கு மூன்றோ நாலோ கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்குத் தப்பு. ஒரு இடத்தில் கணிப்பு 2 புள்ளி சறுக்கினால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அதே பக்கமாகச் சறுக்கும். 2024-ல் அதுதான் நடந்தது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஏழுமே டிரம்புக்குப் போயின. முடிவைப் பார்த்து "அலை அடித்தது" என்றார்கள். மொத்த ஓட்டில் வித்தியாசம் சுமார் 1.5 சதவீதம்தான். விஸ்கான்சினில் அது 30,000 ஓட்டுக்கும் கீழே. அதாவது போட்டி கடுமையாக இருந்தது என்ற கணிப்பு சரிதான், முடிவு ஒருபக்கமாகத் தெரிந்ததும் சரிதான். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

"அப்படியானால் சென்ற முறை எவ்வளவு பிழையோ அதை இந்த முறை கூட்டிக்கொள்ளலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 2016, 2020, 2024 மூன்றிலும் டிரம்பைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 2012-ல் குறைத்து மதிப்பிடப்பட்டவர் பராக் ஒபாமா. ஒவ்வொரு தேர்தலுக்கும் கணிப்புக்காரர்கள் முறையை மாற்றுகிறார்கள், அதனால் பிழை எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வரலாற்று ராசியை நம்புவதும் இதே வகை. 1964-லிருந்து ஒஹாயோ யார் பக்கமோ அவர்தான் அதிபர் என்றார்கள். 2020-ல் ஒஹாயோ டிரம்ப் பக்கம் நின்றது, பைடன் ஜெயித்தார். தமிழ்நாட்டில் 1989 முதல் ஆட்சி மாறி மாறித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், 2016-ல் ஜெயலலிதா அதை உடைத்தார். அமெரிக்காவில் இதுவரை நடந்ததே 60 அதிபர் தேர்தல்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தேடினால் ஏதாவது ஒரு ராசி கிடைக்காமல் போகாது. கூட்டம் கூடுவதை வைத்துக் கணிப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டாம். மாநாட்டுக்கு லாரியில் வந்தவர்களை எண்ணி ஏமாந்த கட்சிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

வாய்ப்பு சதவீதத்தை ஓட்டு சதவீதமாகப் படிக்கும் குழப்பம் ஒன்று உண்டு. 2016-ல் அமெரிக்கத் தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வரின் கணிப்பு டிரம்புக்குச் சுமார் 29 சதவீத வாய்ப்பு கொடுத்தது. அவர் 29 சதவீத ஓட்டு வாங்குவார் என்று அதற்கு அர்த்தமில்லை, தோற்பார் என்றும் அர்த்தமில்லை. பத்துக்கு மூன்று என்பது அடிக்கடி நடக்கக்கூடிய விஷயம். அதே தேர்தலில் ஹிலாரிக்கு 98, 99 சதவீதம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மாகாணப் பிழைகள் சேர்ந்தே நகரும் என்பதற்கு அவர்கள் கணக்கில் போதிய இடம் விடவில்லை.

யார் ஓட்டுப் போட வருவார்கள் என்பதை மறப்பது இன்னொன்று. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். கோடியக்கரைக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், 2005 இலங்கை அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் வாங்கி, ரணில் விக்கிரமசிங்கவை இரண்டு லட்சத்துக்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குப்பதிவு 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அங்கே யாருக்கு ஆதரவு என்று எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், ஓட்டுச்சாவடிக்கு யாரும் வராதபோது அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

கடைசியாக, எண்ணும் இரவு. நம் ஊரில் தபால் ஓட்டு முதலில், அப்புறம் இயந்திரங்கள் சுற்றுச் சுற்றாக. பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு உறைகளை வாக்குப்பதிவு நாள் காலை வரை பிரிக்கவே சட்டம் விடாது. 2020-ல் நேரில் போட்ட ஓட்டுகள் முதலில் வந்தபோது டிரம்ப் பல லட்சம் முன்னிலையில் இருந்தார். பைடன் ஆதரவாளர்கள் அதிகம் போட்ட தபால் ஓட்டுகளை எண்ண எண்ண அது கரைந்து, நான்காவது நாளான சனிக்கிழமை பைடன் வென்றதாக அறிவித்தார்கள். கடைசி வித்தியாசம் சுமார் 80,000. இந்த வரிசை தெரியாதவர்களுக்கு அது திருட்டு மாதிரித் தெரிந்தது, அந்தச் சந்தேகத்தை ஊதிப் பெருக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் அடுத்த தேர்தல் இரவில் டிவியில் முன்னிலை எண்ணைப் பார்க்கும் முன், எந்த மாகாணத்தில் எந்த வகை ஓட்டு, எந்தப் பெருநகரத்து ஓட்டு இன்னும் எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். பாக்கி இருக்கும் ஓட்டு முன்னிலையைவிட அதிகமாக இருக்கும்வரை பட்டாசும் வேண்டாம், பழியும் வேண்டாம்.