அரசியல்வாதிகளைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 சட்டமன்றத் தேர்தலில், இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு வழக்குத் தொடுத்தார். தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ணும்படி 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணி முடித்தும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இவ்விருவரைப் பற்றிய கட்டுரைகளிலும் இச்செய்தி ஏறத்தாழ இதே நடையில் இருக்க வேண்டும். ‘மக்கள் தீர்ப்பு களவாடப்பட்டது’ என்றோ ‘தோல்வியைப் பொறுக்காமல் போட்ட வழக்கு’ என்றோ எழுதினால் அது மேடைப் பேச்சு என்பது எவருக்கும் உடனே தெரிந்துவிடும். எளிதில் பிடிபடாத தவறு வேறு: ஒருவர் பக்கத்தில் வழக்கைப் பத்தி பத்தியாக விரித்துவிட்டு, மற்றவர் பக்கத்தில் 49 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்வது. அப்போது ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கும். கட்டுரை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

வினைச்சொற்களிலும் சாய்வு புகுந்துவிடும். நமக்குப் பிடித்தவர் ‘விளக்கினார்’, பிடிக்காதவர் ‘மழுப்பினார்’ என்று கை தானாக எழுதும். இருவருக்கும் ‘கூறினார்’ போதும். ‘மாண்புமிகு’, ‘மக்கள் தொண்டர்’ போன்ற அடைமொழிகளும் வேண்டாம். ‘ஆர்’ விகுதியே போதிய மரியாதை.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதி செய்த உதவியை நேரில் கண்ட நன்றியில், ‘ஓடோடி வந்து மக்களின் கண்ணீரைத் துடைத்தார்’ என்று நானே எழுதினேன். மறுநாள் அவ்வரியின் அருகே ‘சான்று தேவை’ என்று வேறொரு பயனர் குறித்திருந்தார். அவர் செய்தது சரி. பழைய நாளிதழ்களைத் தேடி எடுத்து, எந்த நாளில் எந்த ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு என்ன வழங்கப்பட்டது என்று திருத்தி எழுதினேன். புதிய வரி அவரைப் புகழவில்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்பது அதில்தான் இருந்தது.

கட்சி நாளேட்டைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஒரு கட்சியின் நிலைப்பாடு என்ன என்பதற்கு அது சான்றாகலாம். எதிர்க்கட்சிக்காரர் மீதான குற்றச்சாட்டுக்கு ஆகாது. உயிரோடிருப்பவரைப் பற்றிய சான்றற்ற பழிச்சொல்லை, விவாதம் முடியும்வரை காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் விதி. வழக்குப் பதிவானதை எழுதினால், விடுதலையானதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.

உங்கள் உறவினர், உங்கள் கட்சிப் பொறுப்பாளர், உங்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி ஆகியோரின் பக்கங்களில் நேரடியாகக் கை வைக்காமல், தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, வேண்டிய திருத்தத்தைச் சான்றுடன், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் இடுங்கள். தொடர்பில்லாத ஒருவர் அதைப் படித்துப் பார்த்துச் சேர்க்கட்டும்.