கூற்று – முடிவு: வட்டம் போட்டு உடைத்துப் பார்ப்பது எப்படி?

போட்டித் தேர்வுகளில் இரண்டு மூன்று கூற்றுகளைக் கொடுத்து, கீழே உள்ள முடிவுகளில் எது சரி என்று கேட்பார்கள். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைச் சில்லாஜிசம் என்பார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு வட்டம் என்று படம் போடுவோம்; முடிவு சரியாக வருகிற ஒரு படத்தைப் போட்டதும் டிக் அடித்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது வேறு. கூற்றுகள் அத்தனையும் பொருந்தியிருக்க, முடிவு மட்டும் பொய்யாகிற படம் ஒன்றாவது போட முடிகிறதா? முடிந்தால் அந்த முடிவு செல்லாது.

படத்துக்கு முன் சொற்கள். 'சில' என்றால் இங்கே 'குறைந்தது ஒன்று', அவ்வளவுதான். 'சில பேர் சாப்பிட்டாச்சு' என்று வீட்டில் சொன்னால் மீதிப் பேர் சாப்பிடவில்லை என்று புரிந்துகொள்வோம்; தேர்வில் அப்படி எடுத்தால் தப்பு. தமிழில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'எல்லாப் பூக்களும் ரோஜா அல்ல' என்பதை 'எந்தப் பூவும் ரோஜா அல்ல' என்றும் படிக்கலாம், 'சில பூக்கள் ரோஜா அல்ல' என்றும் படிக்கலாம். இருமொழி வினாத்தாளாக இருந்தால் பக்கத்திலுள்ள ஆங்கில வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரையும்போது 'எல்லா' முதலில்: வட்டத்துக்குள் வட்டம். அடுத்து 'எந்த… அல்ல': தனித்தனி வட்டம், நடுவே ஒரு வெட்டுக்கோடு. 'சில' கடைசியில்: ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள். இடம் மாறக்கூடியது அதுதான். அதை முதலில் போட்டால் அழித்து அழித்து வரைய வேண்டிவரும்.

இதைப் பாருங்கள்:

எல்லாப் பேனாக்களும் குச்சிகள்.
சில குச்சிகள் பென்சில்கள்.

முடிவு 1: சில பேனாக்கள் பென்சில்கள்.
முடிவு 2: எந்தப் பேனாவும் பென்சில் அல்ல.

குச்சி வட்டத்துக்குள் பேனா. பென்சில் வட்டம் குச்சியைக் கொஞ்சம் வெட்டினால் போதும். அதைப் பேனாவுக்கு எட்டாமல் ஓரமாகப் போடுங்கள்; முடிவு 1 உடைந்தது. பேனாவையும் வெட்டும்படி இழுத்துப் போடுங்கள். முடிவு 2 உடைந்தது. ஆனால் இரண்டில் ஒன்று உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் விடை 'முடிவு 1 அல்லது 2'. 'எல்லா' என்பதும் 'சில… அல்ல' என்பதும் இதே மாதிரி ஜோடிதான். 'எல்லா' என்பதும் 'எந்த… அல்ல' என்பதும் ஜோடி ஆகாது. இரண்டும் ஒருசேரப் பொய்யாகலாம். ஜோடியில் இரண்டு முடிவுகளும் அதே இரண்டு பொருள்களைப் பற்றியே இருக்க வேண்டும். இரண்டில் எதுவும் தனியாகச் செல்லுபடியாகவும் கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது இங்கே:

எந்த நாற்காலியும் மேசை அல்ல.
எல்லா மேசைகளும் கதவுகள்.

மேசை எப்படிக் கதவாகும் என்று யோசிக்காதீர்கள். கொடுத்ததை அப்படியே நம்ப வேண்டும். 'சில கதவுகள் நாற்காலிகள் அல்ல' என்பது செல்லும், ஏனென்றால் மேசையாக இருக்கும் கதவுகள் ஒருநாளும் நாற்காலி ஆகாது. திருப்பிப் போட்டு 'சில நாற்காலிகள் கதவுகள் அல்ல' என்றால் செல்லாது: நாற்காலி வட்டம் முழுவதையும் கதவு வட்டத்துக்குள், மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். 'சில… அல்ல' கூற்றை எப்போதுமே திருப்ப முடியாது. 'சில' கூற்றையும் 'எந்த… அல்ல' கூற்றையும் தாராளமாகத் திருப்பலாம். 'எல்லா'வைத் திருப்பினால் 'சில'தான் கிடைக்கும். (நவீனத் தருக்கத்தில் வகுப்பு, அதாவது ஒரு வட்டம், காலியாக இருக்கலாம் என்பதால் இதுவும் செல்லாது. தேர்வில் காலி வகுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்கிறார்கள்.)

'மட்டுமே' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'பேனாக்கள் மட்டுமே பென்சில்கள்' என்றால் எல்லாப் பென்சில்களும் பேனாக்கள். 'சில பேனாக்கள் மட்டுமே பென்சில்கள்' என்றால் சில பேனாக்கள் பென்சில், சில பேனாக்கள் பென்சில் அல்ல, இரண்டும் உறுதி.

முடிவில் 'வாய்ப்பு உண்டு' என்று வந்தால் சோதனை தலைகீழாகும்: உடைக்கப் பார்க்க வேண்டாம், பொருந்துகிற ஒரே ஒரு படம் கிடைத்தால் சரி. மேலே சொன்ன 'சில பேனாக்கள் மட்டுமே' கூற்றில், எல்லாப் பேனாக்களும் பென்சிலாக வாய்ப்பே இல்லை. எல்லாப் பென்சில்களும் பேனாவாக வாய்ப்பு உண்டு.